இரண்டு விரல் சிவப்புக் கரை

குணவதி சுருட்டி எறிந்த சேலை தறியின் மேல் விழுந்ததில், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இரண்டு இழை அறுந்தது. வடிவம்மாள் குனிந்து அறுந்த இழைகளை முடிந்தாள். எதிர்த்துப் பேச வழியில்லை. தறி கைத்தறிச் சங்கத்தின் சொத்து. எறிந்தவளோ சங்கத்துச் செயலாளர், ஆபீஸ் கிராணி ராமதாஸின் மனைவி.

நடந்தது இவ்வளவுதான். காலையில் பாசாரில் குணவதி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். முனிசிபல் தெருக்கூட்டி லெட்சுமி, வேலை முடிந்து குளித்துவிட்டு, குணவதி கட்டியிருந்த அதே வெள்ளைச் சேலை, அதே சிவப்புக் கரையோடு பக்கத்தில் வந்து நின்றாள். சீன மீன்காரர் சூதுவாது தெரியாமல், இருவரும் அக்காள் தங்கையா என்று கேட்டுவிட்டார்.

"தெருக்கூட்டுறவளும் நானும் ஒரே சேலை! இதுக்குத்தானா சங்கம் வச்சது?" என்றாள் குணவதி.

சங்கம் வைத்தது இதற்குத்தான். ஜப்பான் துணி நாலு துவைப்பில் நைந்து போகிறது, ஏழைக்கும் கைத்தறி எட்ட வேண்டும் என்று மேடை மேடையாக முழங்கியவர் ராமதாஸ்தான். சேலத்துத் தறிக்காரி ஒருத்தி, துறைமுகக் கூலி வேலுவின் மனைவி, கப்பலேறி வந்து சுங்கை பினாங்கில் சும்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வடிவம்மாளுக்குத் தறியும் நூலும் கொடுத்தவரும் அவரே. வடிவம்மாள் அதை நம்பினாள். ஜப்பான் துணி விலைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஜரிகையை விட்டாள், பூவேலையை விட்டாள். இரண்டு விரல் சிவப்புக் கரையை மட்டும் விடவில்லை. கரையில்லாத வெள்ளை, புருஷன் செத்தவளுக்கென்று ஊர் ஒதுக்கிய துணி.

சாயங்காலம் ராமதாஸ் வந்தார். மனைவியின் கோபத்துக்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு ஆண்டு விழா வருகிறது, சங்கத்துப் பெண்களுக்குச் சேலை வேண்டும் என்றார். கடைசியில்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அந்தத் தெருக்கூட்டுற ஜனங்களுக்கு இனி கரை வைக்காம நெய்ஞ்சுடு, வடிவு. பார்த்ததும் வித்தியாசம் தெரியணும். நூலும் மிச்சம், விலையும் குறையும். ஏழைக்கு நல்லதுதானே?"

"லெட்சுமி மகளுக்குக் கல்யாணச் சேலைங்க ஐயா. கரையில்லாம எப்படி?"

முடியாவிட்டால் தறியை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிவரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். படித்தவர் அல்லவா, மிரட்டல்கூட மரியாதையாக வந்தது.

மறுநாள் லெட்சுமி கல்யாணச் சேலையைக் கேட்டு வந்தாள். வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். லெட்சுமி சண்டைக்கு வருவாள், நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். லெட்சுமி தறியில் இருந்த துணியைத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. மஞ்சத் தண்ணியில முக்கிக் கட்டிவிட்டுர்றேன்."

குணவதி சேலையை எறிந்தபோது வராத கோபம், இந்தப் 'பரவால்ல'வைக் கேட்டதும் வடிவம்மாளுக்கு வந்தது. வேலு எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பெரிய இடத்தோடு நமக்கென்ன வம்பு, தறி போனால் உன் சம்பாத்தியமும் போகும் என்றான். அவள் காதில் வாங்கவில்லை. சங்கத்துக்கு ஒன்று, லெட்சுமி ஜனங்களுக்கு ஒன்று என்று இரண்டு பாவு; பாவு ஓட்டும்போதே கரையையும் முடிவு செய்துவிட வேண்டும். வீட்டில் இருந்த சிவப்பு நூல் ஒரு பாவுக்கு, அதாவது ஏழெட்டுச் சேலைக்குத்தான் காணும். அடுத்த நூல் இனிக் கப்பலில் வந்தால்தான் உண்டு. இருந்ததை எந்தப் பாவில் சேர்ப்பது என்று அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

விழாவுக்கு முன்வாரம் சேலைக்கட்டைத் தலையில் சுமந்துபோய் ராமதாஸ் வீட்டில் இறக்கினாள். சங்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். குணவதி மேல் சேலையைப் பிரித்தாள். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. நெருப்பைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

"கரை எங்க? தாலி கட்டினவ தொடுற துணியா இது?"

"லெட்சுமி மகளுக்கு ஐயா இதைத்தான் நெய்யச் சொன்னாங்கம்மா" என்றாள் வடிவம்மாள். பிறகு ராமதாஸ் பக்கம் திரும்பினாள். "பார்த்ததும் வித்தியாசம் தெரியணும்னீங்க, ஐயா. தெரியுதுங்களா?"

மறுநாள் ஆட்கள் வந்து தறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள் அவள் கால் வைத்து மிதித்த தறிக்குழி மட்டும் மிஞ்சியது. வேலு அதில் மண்ணைப் போட்டு மூடினான். அந்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமியின் மகள் சிவப்புக் கரைச் சேலையில் மணையில் உட்கார்ந்தாள். வடிவம்மாள் முன்வரிசையில் இருந்து பார்த்தாள், பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆண்டு விழாவில் ராமதாஸ் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார். ஏழை மக்களிடம் போதிய ஆர்வம் இல்லாத காரணத்தால், மிகுந்த மனவேதனையுடன் தறி நிறுத்தப்பட்டதாக அறிவித்தார். சபை 'ச்சு' கொட்டியது. கூட்டம் முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வாசலில் நாலு பெண்கள் துடைப்பத்தோடு காத்து நின்றார்கள். நாலு பேர் சேலையிலும் இரண்டு விரல் சிவப்புக் கரை இருந்தது.