நான்காவது புள்ளி

பிளக்கைப் பிடுங்குவதற்காக மேஜைக்கு அடியில் குனிந்து நுழைந்தவள், அதன்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பிளக் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன பாப்பா, கிடைக்கலையா?"

அண்ணன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் கறுப்பு உறை, மறு காலில் நீலம்.

"கிடைச்சிருச்சு."

"அப்ப பிடுங்கிட்டு வா. எட்டு மணிக்கு வண்டி வந்துரும். பெட்டிய இந்த வழியாத்தான் வெளிய கொண்டு போகணும்."

"மணி என்ன இப்ப?"

"ஆறே முக்கால். ஏன்?"

தலைக்கு மேலே கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. அப்பா அதை ஒருநாளும் அணைத்ததில்லை. 'அணைச்சா மறுபடி எழுந்திரிக்குமோ என்னமோ, அதுக்கும் என் வயசுதான்' என்பார். அவரைப் பெட்டியில் வைத்து மூடி உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். மூடியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பனிக்கரடி டீயோடு வந்தார். குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர். மருந்துகள் வைக்கும் கிடங்கு அது, எட்டு அறைகள். அப்பா முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர். வெயில் காலத்திலும் கனத்த கோட்டைக் கழற்றாத இந்த மனிதருக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அப்பாதான். இன்றைக்கும் அதே கோட்டில்தான் வந்திருந்தார். வேறு கறுப்பு உடுப்பு அவரிடம் இல்லை.

"தம்பி, முதல்ல இதக் குடிங்க. மேஜை எங்கயும் ஓடிராது."

அண்ணன் டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புச் சீட்டை எடுத்தான். நேற்று மாலையிலிருந்து அதை எடுப்பதும் மடிப்பதுமாக இருக்கிறான்.

"நீங்களே சொல்லுங்க. நேத்து, வியாழக்கிழமை காலையில, அப்பா கையெழுத்து உங்க பதிவேட்டுல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"புதன்கிழமை?"

"அன்னைக்கும் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி இந்த டாக்டர் செவ்வாய் ராத்திரின்னு எழுதுவாரு? செத்தவரு எழுந்து வந்து கையெழுத்து போட்டாரா?"

பனிக்கரடி டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"செவ்வாய் ராத்திரி ஒன்பதே காலுக்கு எனக்குப் போன் பண்ணாரு," என்றான் அண்ணன். "ஆபீஸ்ல இருந்தேன். எடுக்கல. சும்மா பேசத்தான் பண்ணியிருப்பாரு. ஒண்ணும் இல்லாததனாலதான மறுநாள் எழுந்து உக்காந்து கையெழுத்து போட்டிருக்காரு."

நேற்றிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் இதைச் சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் கடைசி வாக்கியத்தைச் சற்று வேகமாகச் சொன்னான்.

"எல்லாம் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். தேதிய மாத்தச் சொல்லணும். உங்க பதிவேட்டோட நகல் ஒண்ணு வேணும் எனக்கு."

"தர்றேன் தம்பி," என்றார் பனிக்கரடி, மேஜைக்கு அடியில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டு.

அப்பா ஓய்வு பெற்ற பிறகும் கிடங்கு அவரை விடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்தே கிடங்கின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, எட்டு அறைகளின் வெப்பநிலையையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து என்றால் கடவுச்சொல். அந்த மென்பொருள் மிகப் பழையது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். கடைசியில் கடவுச்சொல்லைக் கேட்கும். அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. ஒரு பொட்டுகூட வராது.

அதுதான் அப்பாவுக்குப் பிரச்சினை. ஒற்றை விரலால் அடிப்பவர். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை எழுத்து அடித்தோம் என்பது நடுவில் மறந்துவிடும். மூன்று முறை தப்பானால் அது கதவைச் சாத்திவிடும். உடனே அவளுக்குப் போன் வரும். அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள், அல்லது பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள்.

"சின்னவளே, உள்ள விடமாட்டேங்குதும்மா."

"நாலாவது எழுத்துக்கு ஷிப்ட் அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன்னுதான் நெனைக்கிறேன். அதுதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே, கல்லுளிமங்கன்."

பிறகு, கூப்பிட்ட காரியம் முடிந்தாலும் வைக்கமாட்டார். மாடிக் குழாய் ஒழுகுவது, எதிர் வீட்டு நாய் குட்டி போட்டது, ஐந்தாம் அறைக் கதவில் ரப்பர் தேய்ந்திருப்பது. அவள் 'ம்' கொட்டிக்கொண்டே செருப்பு மாட்டுவாள். மாதக்கணக்காக இது நடந்தது.

ஒரு சனிக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்து, அவருக்குப் பதிலாகக் கடவுச்சொல்லை அடிக்க அவள் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள். கடவுச்சொல்லை ஒரு கோப்பில் வைத்து நீட்டினால் அந்தப் பழைய மென்பொருள் வாங்காது. விசைப்பலகைக்கு முன்னால் ஒரு மனிதர் இருப்பதாக அது நம்ப வேண்டும். அதற்காக ஒரு போலி முனையம் செய்தாள்: இல்லாத திரை, இல்லாத விசைப்பலகை. கேள்வி வரும்வரை நிரல் காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு பதில் சொன்னால் கிடங்கின் மென்பொருள் அதைக் கீழே கொட்டிவிடும். எழுத்துகளைச் சேர்த்து அனுப்பினால் இரண்டு மூன்றை விழுங்கிவிடும். ஒவ்வொன்றாக, மனிதக் கை அடிப்பது போல, இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும்.

"எவ்வளவு இடைவெளின்னு தெரியணும். நீங்க அடிங்கப்பா, நான் பாக்குறேன்," என்றாள்.

அவர் அடித்தார். மூன்று எழுத்து தடையில்லாமல் போயிற்று. நான்காவது ஒரு குறி. இடது கையால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு, வலது விரலை மேல் வரிசையின்மீது ஆகாயத்திலேயே நகர்த்தித் தேடினார். இரண்டரை நொடி. பிறகு மிச்சம். அவள் அந்த இடைவெளிகளை அப்படியே எழுதிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். விளையாட்டாகத்தான் வைத்தாள். அவர் பார்த்துத் திருப்திப்பட ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளியும் திரையில் வரவைத்தாள்.

ஓட்டிக் காட்டியபோது அப்பா சிரித்தார். "அட, நாலாவது புள்ளிக்கு நின்னு யோசிக்குது பாரு. நான் இவ்வளவு அசடாவா தேடுறேன்?"

அவர் எண்டர் தட்டினால் நிரல் தொடங்கும். கையெழுத்தானதும் குறிப்பு ஏதாவது உண்டா என்று கிடங்கு கேட்கும். அதை மட்டும் அவரே அடிப்பார். பதிவேட்டின் அந்த வரி அவளுடைய போனுக்கும் வரும். நேரம் ஏழு இரண்டு, ஏழு மூன்று. அவளுக்கு அது போதும். நல்லாத்தான் இருக்கார்.

காலையில் போன் வருவது நின்றது. காரணம் இல்லாமல் கூப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அப்பா ஒருநாள் தூங்கிவிட்டார். கிடங்கிலிருந்து புகார் வந்தது. அவள் ஆபீஸில் இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மதியச் சாப்பாட்டுக்கு நடுவில், நிரலில் ஒரு வரியை மாற்றினாள். இனி எண்டர் தட்ட வேண்டாம். ஏழு இரண்டுக்குத் தானாகத் தொடங்கிக்கொள்ளும். குறிப்புக் கேள்விக்கு ஒரு நிமிஷம் பார்க்கும். யாரும் அடிக்காவிட்டால் காலியாக விட்டுவிட்டுப் போகும். அதை மாற்றிவிட்டுக் கை கழுவப் போனாள். அந்த ஒரு வரியால் வேறு எது மாறிப்போயிற்று என்று யோசிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் அண்ணன் போனில் கேட்டான்: "அப்பா போன் எடுக்கல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் போனைத் தள்ளிப் பார்த்தாள். அப்பாவின் பெயர், ஏழு இரண்டு, எட்டு அறைகள்.

"காலையில கையெழுத்து போட்டிருக்காருண்ணா. நல்லாத்தான் இருக்காரு. கடைக்கு எங்கயாவது போயிருப்பாரு."

வரியின் கடைசியில் குறிப்புக்கான இடம் காலியாக இருந்தது. அவள் அவ்வளவு தூரம் படிக்கவில்லை.

அண்ணன் இப்போது மேஜைமேலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். பனிக்கரடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கோட்டிலிருந்து கிடங்கின் வாசனை வந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது வருகிற வாசனை.

"தங்கச்சி," என்றார் தணிந்த குரலில். "புதன்கிழமை நான் லீவு. நேத்து வந்துதான் பதிவேட்டப் பாத்தேன். அஞ்சாவது ரூம் நாலு டிகிரி ஏறிக் கிடக்கு. பக்கத்துல பெரியவர் கையெழுத்து. குறிப்பு ஒண்ணும் இல்ல. அஞ்சாவது ரூம் அரை டிகிரி ஏறுனாலே என்னைய நாலு வரி திட்டி எழுதுவாரு. எனக்குப் பகீர்னுச்சு. நாலு தடவ போன் அடிச்சேன். அப்புறம்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன்."

"ம்."

"கையெழுத்து வந்துச்சு. ஆனா அவர் பாக்கல. அது எனக்குத் தெரியும். எப்படின்னு தெரியாது."

அவள் பிளக்கிலிருந்து கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"தம்பி கேட்டா நகல் தர்றேன்," என்றார். "தரவேணாம்னு நீ சொன்னா தரல. அவ்வளவுதான்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இழுத்தால் போதும். நிரல் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றி அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டரை யாரும் மறுபடி போடப் போவதில்லை. பழைய சாமானோடு போய்விடும். அண்ணனுக்கு அப்பா இன்னும் இரண்டு நாள் கூடுதலாக உயிரோடு இருந்திருப்பார். செவ்வாய்க்கிழமை போன் சும்மா பேசுவதற்காக வந்த போனாகவே இருந்துவிடும். அவளுக்கும் வசதிதான். 'நல்லாத்தான் இருக்காரு' என்று சொன்னது பொய்யாகாது.

விசைப்பலகையின் ஓரம் மேஜை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டியபோது இடது பக்க ஷிப்ட் விசை தெரிந்தது. அதன்மேல் எழுதியிருந்தது அழிந்து வழவழப்பாகிவிட்டது.

அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள். "அண்ணா, கொஞ்சம் வாயேன்."

"பிடுங்கிட்டியா?"

"இல்ல. ஏழு ரெண்டு ஆகட்டும்."

"இப்ப என்ன பாப்பா விளையாட்டு?"

"உக்காரு. ரெண்டு நிமிஷம்."

அண்ணன் அப்பாவின் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரையைத் தட்டி விழிக்கவைத்தாள். கறுப்பு. உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

ஏழு இரண்டுக்குக் கம்ப்யூட்டரின் முனகல் ஒரு சுருதி ஏறியது. யாரும் எதையும் தொடவில்லை. எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறின. ஒன்றாம் அறை, இரண்டாம் அறை. எட்டு அறைகளும் முடிந்ததும் கேள்வி வந்து நின்றது.

கடவுச்சொல்:

ஒரு புள்ளி. இரண்டு. மூன்று.

நின்றது.

அவள் திரையைப் பார்க்கவில்லை, விசைப்பலகையைப் பார்த்தாள். மேல் வரிசையின்மீது ஒன்றும் இல்லை. தூசி மட்டும் இருந்தது.

நான்காவது புள்ளி வந்தது. பிறகு மிச்சம்.

அப்பாவின் பெயர் வந்தது. பக்கத்தில் இன்றைய தேதி, வெள்ளிக்கிழமை. கீழே 'குறிப்பு?' என்று கேட்டுவிட்டு அது காத்திருந்தது. முழுதாக ஒரு நிமிஷம். அண்ணனின் கை நாற்காலியிலிருந்து கிளம்பி விசைப்பலகை வரைக்கும் வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போயிற்று. நிமிஷம் முடிந்தது. குறிப்பு காலியாக, வரி மூடிக்கொண்டது.

அவளுடைய பையில் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"நீ எழுதுனதா?" என்றான் அண்ணன்.

"ஆமா."

"புதன்கிழமையும்?"

"ஆமா."

"நான் கேட்டப்ப..."

"மறந்துட்டேண்ணா. நானே செஞ்சத நானே மறந்துட்டேன். அவருன்னே நெனச்சுட்டேன்."

அவன் அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சீட்டை எடுத்துப் பிரித்து, தேதியை ஒருமுறை படித்து, நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

"நாலாவதுக்கு ஏன் அப்படி நிக்குது?"

"அப்பா தேடுற நேரம் அது."

அவன் தலையாட்டினான். "நாளைக்கும் வருமா?" என்றான்.

அவள் எட்டி விசைப்பலகையை இழுத்தாள். தானாகத் தொடங்கச் சொல்லும் வரியை நீக்கினாள். பிறகு பதில் சொல்லும் பகுதி முழுவதையும் நீக்கினாள், இடைவெளிகளோடு சேர்த்து. அதை எங்கேயும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. சரியாகப் போய்விட்டதா என்று பார்க்க ஒருமுறை ஓட்டினாள். எட்டு அறைகளும் ஏறின.

கடவுச்சொல்:

புள்ளி வரவில்லை.

"கேக்குதே," என்றான் அண்ணன்.

"கேக்கும். ஆள் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டு நிக்கும்."

வாசலில் வண்டி பின்னால் நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. பனிக்கரடி எட்டிப் பார்த்தார். "தம்பி, சீக்கிரமே வந்துட்டாங்க. மேஜை..."

"இதோ," என்று அண்ணன் எழுந்து ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். பிளக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை. வயர் எட்டுகிற வரைக்கும், ஆட்டாமல், மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரமாக வைத்தார்கள்.