எலும்புக்கும் வேலை வேண்டும்

மாவுக்கட்டைப் பிரித்ததும் தபால்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருத்தெருவாக நடந்து, மாடி மாடியாக ஏறி உருண்டு திரண்டிருந்த கெண்டைக்கால் குச்சியாகிக் கிடந்தது. மழையில் வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு, வாரக்கணக்கில் படுத்திருந்ததன் பலன்.

"எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா காலை ஊனுங்க" என்று பிசியோதெரபி டாக்டரம்மா கைத்தடியை நீட்டினாள். "பாரம் விழுந்தாதான் எலும்பு கெட்டியாகும். சும்மாவே வச்சிருந்தா, நமக்கு இங்க வேலை இல்லைன்னு தேஞ்சுக்கிட்டே போகும். தசையும் அப்படித்தான்."

ரொட்டிக்கடை வைத்திருந்த கணவரின் காதில் இது ஏறவே இல்லை.

"ஒட்டவச்ச சாமான் மேல யாராவது ஏறி நிப்பாங்களா? நீ காலைத் தரையில வைக்கக் கூடாது, ஆமா!"

கீழே கடை, மேலே வீடு. கட்டிலிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு என்று அவளைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். முதலில் அவளுக்குப் புதுப்பெண் மாதிரி கூச்சமாக இருந்தது, பிறகு சலித்தது. ஆனாலும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஊன்றினால் மறுபடி ஒடிந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கும் உள்ளுக்குள் இருந்தது.

ஒருநாள் காலையில் அவளை நாற்காலியில் இறக்கிவிட்டவர், குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"என்னங்க?"

"பிடிச்சுக்கிச்சு."

"எது?"

"இடுப்பு! ஐயோ, கீழே அடுப்புல ரொட்டி இருக்கே!"

தீய்ந்த வாசனை படியேறி வந்துவிட்டது. அவள் கைத்தடியை எட்டி எடுத்தாள்.

"வேண்டாம், கருகினா கருகட்டும்!"

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கால் வெடவெடத்தது, கணுக்கால் இழுத்துப் பிடித்தது, ஆனால் எதுவும் ஒடியவில்லை. அடுப்பைத் திறந்து தட்டுகளை வெளியே இழுத்தாள். மேல்தட்டு கரி, மற்றதெல்லாம் தேறியது. மாவு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"விழுந்துட்டியா?" என்று மேலிருந்து அலறினார் அவர்.

"உக்காந்திருக்கேன்! நீங்க நிமிருங்க முதல்ல!"

மறுநாள் இருவரும் டாக்டரம்மா முன்னால் இருந்தார்கள். அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் பிடிப்புதான்" என்றாள்.

"அப்போ ஒரு மாசம் படுத்துக்கிடட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அது மட்டும் கூடாது. தினமும் நடங்க."

"எல்லாருக்கும் ஒரே பாட்டுதானா?" என்று முனகினார்.

அன்று மாலை இருவரும் தெருவில் இறங்கினார்கள். அவள் தடியோடு முன்னே, அவர் இடுப்பில் கையோடு பின்னே.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்மா!" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அவள் நின்று, அவர் வந்துசேரும் வரை தெருவோரத் தபால்பெட்டியில் சாய்ந்துகொண்டாள்.