ஆல்பத்தின் பதினோராம் பக்கம்

கங்காதரன் ஒரு வார்த்தை பேசி ஐந்து மாதம் ஆகிறது. என்ன வாய் தெரியுமா அந்த மனுஷனுக்கு! சேலையூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்து ஒரு அதட்டுப் போட்டால் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் டம்ளரோடு எட்டிப் பார்ப்பார். பக்கவாதம் வந்து வலது கையும் போய், பேச்சும் போய், இப்போது ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

“ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் பேச்சு, அதுக்கப்புறம் கஷ்டம்” என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னது அவர் பெண்டாட்டி சரளாவின் காதிலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு மாதம்தான். வேண்டாத சாமி இல்லை. ராத்திரி பகல் எப்போதும் ஒரே பயம், இனிமேல் செத்துப்போகிறவரைக்கும் இந்த வீட்டில் தன் குரல் மட்டும்தான் கேட்குமோ என்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வரும் பியூலாதான் வழி சொன்னாள். “பழைய போட்டோ எல்லாம் ஒரு ஆல்பத்துல ஒட்டுங்க ஆன்ட்டி. படம் மட்டும் போதாது. கீழ அன்னிக்கு நடந்ததை எழுதி, தினமும் அங்கிளுக்குப் படிச்சுக் காட்டுங்க.”

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய ஆல்பம் வாங்கிவந்து, பசை தடவி ஒட்டி, சரளா எழுதினாள் பாருங்கள், அடேயப்பா! ‘எங்கள் திருமணம் இனிதே நடைபெற்ற நன்னாள்.’ ‘எங்கள் அன்பு மகள் சரிதாவின் காதணி விழா.’ பதினோராம் பக்கத்தில், ‘எங்கள் புதுமனை புகுவிழா. பால் பொங்கி வழிந்தது. அனைவரும் மகிழ்ச்சியாக இருந்தோம்.’

மூன்று வாரம் தொண்டை கட்டப் படித்தாள். அவர் மின்விசிறியைத்தான் பார்த்தார்.

பியூலா ஆல்பத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்துவிட்டாள். “ஆன்ட்டி, இது பத்திரிகை அடிச்ச மாதிரி இருக்கே! இந்தத் தமிழ் அங்கிள் காதுக்கு எப்படித் தெரியும்? வீட்ல பேசுற மாதிரியே எழுதுங்க.”

“நல்லா கீதுமா நீ சொல்றது! ‘கீது’ன்னு எழுதி வெச்சா, பாக்குறவங்க காறித் துப்ப மாட்டாங்க?”

“அங்கிள் பேசணுமா, வேணாமா?”

அதற்கு மேல் சரளா என்ன சொல்வாள்? மறுநாள் மத்தியானமே பழைய எழுத்தின் மேல் புதுத் தாள் ஒட்டி எழுத உட்கார்ந்தாள். பத்துப் பக்கம் சுலபமாகப் போனது. பதினோராவதில் ‘இது வூடு பால் காச்சுன அன்னிக்கி எடுத்தது’ என்று எழுதியவள் நின்றுவிட்டாள். அடுத்தது, பால் பொங்கிச்சு என்று எழுதவேண்டும். எங்கே பொங்கியது? அது திரிந்துபோனது. பேச்சுத் தமிழில் அந்தப் பொய்யை எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இருபத்து நான்கு வருஷமாக வயிற்றில் கிடந்தது கோபத்தோடு தாளில் இறங்கியது. எழுதி முடித்ததும் அவர் முன்னால் போய் நின்று உரக்கப் படித்தாள். ஆயுசில் அவரை ‘நீங்க’ தவிர வேறு சொன்னதில்லை. அன்று படித்தாள்:

“பால் திரிஞ்சி பூட்சி. உன் அக்கா முன்னாடி, வந்த சனம் முன்னாடி, அபசகுனம் புடிச்சவளேன்னு என்னை அறைஞ்ச நீ. கன்னம் வீங்கினு கீது, அதான் போட்டோல அந்தாண்ட திரும்பினு நிக்கிறேன். இன்னிவரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசல நீ.”

கங்காதரன் தலையைத் திருப்பினார். வாய் ஒரு பக்கம் கோணியது. “த... தப்பு.”

பேசிவிட்டார்! பியூலாவுக்குப் போன் போட ஓடின சரளா பாதியிலேயே நின்றாள். எது தப்பு?

“நான் எழுதுனது தப்பா? நீங்க பண்ணது தப்பா?”

“தப்பு.”

“அப்படி நடக்கவே இல்லைங்கிறீங்களா?”

“தப்பு.”

“காப்பி வேணுமா?”

“தப்பு.”



வெள்ளிக்கிழமை பியூலா வந்து பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், சரிதா படத்தைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் அதே பதில். “சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கும் ஆன்ட்டி, எதைக் கேட்டாலும் அதுதான் வரும். அர்த்தம் தேடாதீங்க. வாய் திறந்துடுச்சுல்ல, சந்தோஷப்படுங்க. மத்தது மெதுவா வரும்.”

“வரலேன்னா?”

பியூலா பையை மாட்டிக்கொண்டு, “பார்ப்போம் ஆன்ட்டி” என்றாள்.

இதைவிட அவர் ஊமையாகவே இருந்திருக்கலாம் என்று சரளாவுக்கு ஆத்திரம் பொங்கியது. காத்துக் கிடந்த வார்த்தை வந்தும் அது தனக்கு வந்ததா இல்லையா என்று தெரியவில்லையே, இது என்ன கொடுமை! ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து சரிதா வருவாள், ஆல்பத்தை எடுத்துப் படிப்பாள். அப்பாவைப் பற்றி இப்படி ஒன்று அவள் கண்ணில் படவேண்டுமா?

பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதினோராம் பக்கத்தை விரித்தாள். எழுதிய வரியின் மேல் பேனாவை வைத்தாள்.

“அடிச்சிடட்டா?”

வரியை அடிப்பதைத்தான் கேட்டாள். கேட்டபிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

கங்காதரனின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. “தப்பு.”

“வுடுங்க. சரிதா பாத்துடுவா.”

விடவில்லை. அவள் இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. இத்தனை பலம் அந்தக் கையில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வரியை அடிக்க விடாமல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுகிக்கொண்டு, “தப்பு, தப்பு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சரளா பேனாவைக் கீழே போட்டாள்.

“இந்த ஒத்த வார்த்தைக்கு உனக்குப் பேச்சே போவணுமாய்யா?” என்று ஓவென்று அழுதாள்.