பெண்களுக்கு மட்டும் ஒரு மேட்னி

‘சம்பந்தியம்மாளுக்கு மசக்கை’ என்ற படம் யாருக்கும் நினைவிருக்காது. அப்படியே நினைவிருந்தாலும் வெளியே சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு போகலாம். அதில் பச்சை பச்சையாகப் பேசுகிற மருத்துவச்சியாக நடித்தவள் நான்தான். 1968இல் சேலத்தில் மூன்றே நாள் ஓடியது. நாலாம் நாள், என் தங்கை சாந்தாமேரிக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு மஞ்சக்குட்டையில் அவளுக்கு நல்ல இடமே அமைந்தது. ஆனாலும் இருபத்துநாலு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஏற்காடு தியேட்டரில் டிக்கெட் கிழித்துப் பிழைக்கிற என்னிடம் முதலாளி பொன்னுவேல் வந்து, அந்தப் படத்தின் பெட்டி சேலத்தில் ஒரு குடோனில் கிடைத்ததென்று பல்லைக் காட்டினார்.

“நொம்ப நல்ல படமுங்க்கா. மறுபடி ஓட்டிப் பாக்கலாமுங்க.”

“ஏனுங்க முதலாளி, அப்பப் போன மானம் போதாதுங்களா? மிச்சத்தையும் வாங்கணுமா?” என்று கத்தினேன். மனுஷன் கேட்டால்தானே!

சனிக்கிழமை ஓட்டினார். ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்து, இடைவேளையில் எழுந்து போனார்கள். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நானும் புறப்பட்டேன். காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வெள்ளக்கடைக் கிராமத்து ஆராயி வாசலில் மறித்தாள்.

“ஏனுங்க்கா, ஆம்பளைங்க இல்லாம எங்களுக்குன்னு ஒரு ஆட்டம் போடச் சொல்லுங்க. பழம் பறிக்கையில நாங்க பேசாத பேச்சா இது? அவிங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு எப்படிங்க சிரிக்கிறது? அடக்கி அடக்கி வயிறே வலிக்குதுங்க.”

மகராசி! அவள் மட்டும் அன்று வாயைத் திறக்காமல் போயிருந்தால் என் கதை அதோடு முடிந்திருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும். பொன்னுவேலையே வெளியே நிறுத்தினேன். ஆபரேட்டர் மரியஜோசப்பை அவன் அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மஞ்சக்குட்டை ஜீப்பில் வந்திறங்கிய பெண்களோடு சாந்தாமேரியும் நின்றாள். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். டிக்கெட்டை வாங்கினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே அப்படியொரு சிரிப்பு. திரையில் நான் ஒன்று சொன்னால் பெஞ்சிலிருந்து ஒருத்தி ஒன்பது சொன்னாள். ஆண்டவரே, இதைக் கேட்க என்னை உயிரோடு வைத்தீரே என்று கதவோரம் நின்று அழுதேன்.

படம் முடிந்து எல்லோரும் போனபின்னும் சாந்தாமேரி எழவில்லை. திட்டத்தான் போகிறாள் என்று பக்கத்தில் போனேன்.

“அக்கா, அது நம்ம அம்மாதானே?” என்றாள். “இடுப்புல கை வெச்சு நிக்கிறது, பேசிப்போட்டு மூக்கைச் சுளிக்கிறது, எல்லாம் அம்மாதானே?”

ஆமாம் என்றேன். அம்மாவை விட்டால் எனக்கு வேறு யாரை நடிக்கத் தெரியும்?

“ஊட்ல அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்லியே அக்கா. அம்மாயி எப்படி இருப்பாங்கன்னு எம் பொண்ணு தேவகுமாரி கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்குச் சொல்லத் தெரியல.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். “முதலாளி, நாளைக்கும் ஒரு ஆட்டம் போடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க. எங்கம்மாவைப் பாக்க என் தங்கச்சி மக வருதுங்க.”