பழைய பெட்டிக்குப் புது கார்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தம்பியோடு பேச ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது: கம்ப்யூட்டர் விளையாட்டு. அம்மா இறந்த அன்று வீட்டில் இருவருக்கும் வார்த்தை தடித்துப்போய், போனில் பேசுவதே நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாயா அலைஞ்சவன் நான். நீ விருந்தாளி மாதிரி வந்து நிக்கற" என்று எல்லார் முன்னாலும் இவர் சொன்னதைத் தம்பி மறக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு மதியங்களில், வேறு ஊரிலிருந்து, விளையாட்டுக்குள் வருவான். "அண்ணா, பின்னால ஆள் வரான் பாரு" என்று ஹெட்போனில் குரல் கேட்கும். அந்த ஒரு "அண்ணா"வுக்காகவே இவர் உட்கார்ந்திருப்பார்.

அந்த விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. இவருடைய கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகம் பழசென்று கழித்துவிட்ட பெட்டி. படம் திக்கித் திணறியது. இவர் திரும்புவதற்குள் எதிரி சுட்டுவிட்டுப் போய்விடுவான்.

"உன்னால நம்ம டீம்ல எல்லாரும் சாகறோம். மிஷினை மாத்து, இல்லன்னா விட்டுடு" என்றான் தம்பி.

மறுநாளே இவர் படத்தை வேகமாக ஓட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிவந்தார். மேசைமீது பெட்டியைப் பிரித்துப் போட்டதைப் பார்த்து மனைவி சிரித்தாள். "ஊரையே ஏத்தி இறக்கறவரு, இந்தத் தகர டப்பாகிட்டயா தோத்துப்போவீங்க?"

கார்டு பொருந்தியது. ஆனால் அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் பிளக் பெட்டியில் இல்லை. இவர் போனில் எடுத்துப்போன பெட்டியின் படத்தைப் பார்த்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இதுல இருக்கிற பவர் சப்ளை ரொம்பச் சின்னது. பெருசா மாத்தலாம்னா, மதர்போர்டோட பிளக்கே வேற மாதிரி. அதுக்கு ஏத்த வயர் வெளியூர்லேர்ந்து வரணும். கொஞ்சம் பொறுங்க."

"ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வயர்லேர்ந்து எடுக்கிற கன்வர்ட்டர் இருக்குமே?"

"இருக்கு. ஆனா அந்த வயர் அவ்வளவு லோடு தாங்காது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். வேலையிடத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் இவர் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்குள் வேண்டுமே. கன்வர்ட்டரை வாங்கிக்கொண்டார். பெரிய பவர் சப்ளைக்கும் சொல்லிவைத்தார்.

ஞாயிறு மதியம் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் ஆட்டத்தில் இவர் மூன்று பேரை வீழ்த்தினார்.

"அடேங்கப்பா! யாரு இது, எங்கண்ணனா?" தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இருவரும் ஆடினார்கள். திடீரென்று தம்பியின் குரல் இறங்கியது.

"அண்ணா, அம்மா விஷயமா ஒண்ணு சொல்லணும். அவங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் ஏன் வரலைன்னு... கோவப்படாம கேளு, என்ன?"

"சொல்லுடா."

திரை அணைந்தது. பெட்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போனை எடுத்துத் தம்பியை அழைத்தார். நான்காவது தடவைதான் தம்பி எடுத்தான்.

"கேக்கப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே. எதுக்கு ஆஃப் பண்ணிட்டுப் போகணும்?"

"ஐயோ, இல்லடா! வயர் கருகிப்போச்சுடா. சத்தியமா."

"சரி."

"என்னவோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு."

"ஒண்ணுமில்ல. விடு" என்று வைத்துவிட்டான்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லையாம்."

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லிவைத்த பவர் சப்ளையும் வயரும் வந்ததும், அவசரப்படாமல், ஒவ்வொரு முனையையும் மீட்டர் வைத்துப் பார்த்து மாட்டினார். விளையாட்டு முன்பைவிட அழகாக ஓடியது. நண்பர்கள் வரிசையில் தம்பியின் பெயர் இல்லை. இவரை நீக்கியிருந்தான். இவர் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்" என்று மனைவி சொன்னாள். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தெரியாத யார் யாரோ இருந்த குழு ஒன்று இவரைச் சேர்த்துக்கொண்டது. ஹெட்போனில் புரியாத மொழியில் யாரோ கத்தினார்கள். இவர் ஓடவுமில்லை, சுடவுமில்லை. யாரோ வந்து சுடும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.