மச்சானைக் கண்டால் ஹாரன்

எங்கள் கேப்டன் கவுதுனாவுக்குப் புயல் பயம் இல்லை, சுறா பயம் இல்லை. மனைவி வீட்டு ஆட்கள் என்றால் மட்டும் ஓடி ஒளிவார். எல்லாம் எங்கள் தீவு நாட்டின் புபுசி வழக்கத்தால் வந்த வினை. சொந்தக்காரன் ஒருவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது புபுசி" என்று சொல்லி எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். இல்லை என்றவன் அதற்குப் பிறகு ஊர்க்கூடத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. கேப்டனின் சைக்கிள் அப்படித்தான் போனது. சைக்கிளை வாங்கிப் போனவன் மறுநாளே வந்து காற்றடிக்கும் பம்பையும் கேட்டு வாங்கிப் போனான்.

நான் தாமுவேரா. எய்தேய் என்ற ரோந்துப் படகின் சமையல்காரன். நாட்டுக்கே ரோந்துப் படகு அது ஒன்றுதான் என்பதால் ஓட்டுப்பெட்டி, பரீட்சைத்தாள், அமைச்சரின் மாமியார், கல்யாணப் பன்றி என்று எல்லாம் அதில்தான் ஏறும். மீன் திருடும் கப்பல் மட்டும் பதினோரு மாதமாகச் சிக்கவில்லை. பேசியோ துறைமுகத்தில் எங்களைக் கண்டாலே, "பன்றி வண்டி வந்துடுச்சு!" என்று கத்துவார்கள். இன்னும் ஒரு மாதத்தில் கேப்டனின் பதவிக்காலம் முடிகிறது. வெறுங்கையோடு இறங்கினால் மனிதருக்குச் சாகும்வரை அந்தப் பெயர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தூரத்தில் கரும்புகை தெரிந்தது.

"நான்தான் முதல்ல மோப்பம் புடிச்சேன். பாத்தீங்களாடா என் மூக்க!" என்று கேப்டன் துள்ளினார்.

விரட்டிப் போய் மடக்கினோம். பெயரைச் சாயம் பூசி மறைத்த வெளிநாட்டுக் கப்பல், வயிறு நிறைய எங்கள் சூரை மீன். எங்கள் ஆட்கள் நாலு பேர் துப்பாக்கியோடு அதில் ஏறினார்கள். கேப்டன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அதை என் கையில் திணித்தார்.

"தாமுவேரா, அந்த வெள்ளத் தொப்பிக்காரன் யாருன்னு பாரு."

"அட, உங்க மச்சான் பரனிகோ! எந்தக் கப்பல்ல இருக்கான்னே தெரியலன்னு மூணு வருசமா வீட்டம்மா அழுதாங்களே, கேப்டன், அவனேதான்."

"கைய ஆட்டுறானா?"

"ரெண்டு கையையும் ஆட்டுறான்."

கேப்டன் அங்கேயே குந்திவிட்டார். "போச்சு. கப்பல விட்டுடுன்னு கேக்கப் போறான். விட்டா வேல போச்சு, விடலன்னா மானம் போச்சு."

"பிடிச்ச கப்பல் அரசாங்கத்துது. நீங்க எப்படிக் கொடுக்க முடியும்?"

"அத வந்து என் மாமியார்கிட்ட சொல்லு, பாக்கலாம்!"

அந்தக் கப்பலின் முதலாளிக்கும் உறவு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பரனிகோவுக்குப் புதுச் சட்டை கொடுத்து, எங்களைப் பார்த்தாற்போல் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ?

பிடித்த கப்பலைப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு பேசியோவுக்கு இரண்டு நாள் பயணம். காதில் விழாத புபுசி கணக்கில் வராது என்பது கேப்டன் கண்டுபிடித்த சட்டம். பரனிகோ கம்பி ஓரமாக வந்து, "மச்சான்! ஒரு..." என்று வாயைத் திறந்ததும் இவர் ஹாரனை அழுத்துவார். கடற்பறவையெல்லாம் தெறித்து ஓடும். அவன் உட்கார்ந்தால் ஹாரன் நிற்கும், எழுந்தால் அலறும். காவலுக்கு நின்ற எங்கள் ஆட்கள் அவனிடம் என்னதான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். "கேக்க வேண்டியவர்கிட்டதான் கேப்பேன்" என்றுவிட்டான். கேப்டன் காதில் பஞ்சையும் அடைத்துக்கொண்டார். சாப்பிட வரச்சொல்லி நான் அவர் மூக்குக்கு எதிரே தட்டை ஆட்ட வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் நடுப்பகலில் கரையின் தென்னைகள் தெரிந்தன. பரனிகோ எழுந்தான். ஹாரன் அலறியது. அவன் கரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். புதுச் சட்டையைக் கழற்றி, மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கடலில் குதித்தான்.

கேப்டன் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி, கயிற்றை வீசியவரும் அவரேதான். பயந்தாங்கொள்ளி என்று இரண்டு நாளாக மனதுக்குள் திட்டிய மனிதரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

தண்ணீர் சொட்டச் சொட்ட பரனிகோ தளத்தில் சம்மணம் போட்டான். கேப்டன் எதிரே உட்கார்ந்து காதுப் பஞ்சைத் தானே எடுத்தார்.

"கேளு."

"மச்சான், இது புபுசி. என்ன உங்க படகுலயே கூட்டிட்டுப் போய் இறக்குங்க. திருட்டுக் கப்பல்லேருந்து நான் இறங்குறத அம்மாவும் அக்காவும் பாக்க வேணாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மூணு வருசமா கரையில காலு வைக்க விடல மச்சான். முதலாளி பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டிட்டான். உங்க கண்ணுல படணும்னுதான், குப்ப எரிக்கிறேன்னு சொல்லி டயரப் போட்டுக் கொளுத்துனேன்."

"அப்ப அந்தப் புகை..."

"நான் போட்டதுதான்."

கேப்டன் மூக்கைத் தடவிக்கொண்டார். நான் சிரித்துத் தொலைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை. ஈரத்தோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். "வீட்டுக்கு வரணும்னு நின்ன புள்ளைய ஹாரன் அடிச்சு வெரட்டுனேனே, நான் மனுசனா?" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு தன் சீருடைச் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு சுக்கானைப் பிடித்தார்.

துறைமுகத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. பன்றி வண்டி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் கேப்டனின் மனைவி ருதேதா, தம்பியை அடையாளம் கண்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அவளைப் பார்த்ததும் கேப்டனுக்கு முகம் வெளுத்தது. சுக்கானை என்னிடம் தள்ளிவிட்டு ஓடிப் போய் பரனிகோ எதிரே சம்மணம் போட்டார்.

"மச்சான், இப்ப நான் கேக்குறேன். இது புபுசி. ஹாரன் அடிச்ச கதைய உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

பரனிகோ வயிறு குலுங்கச் சிரித்தான். "சொல்ல மாட்டேன் மச்சான்."

அவன் வாக்குத் தவற மாட்டான், சொல்லவும் இல்லை. படகில் இருந்த மற்ற யாரிடமும் கேப்டன் எதுவும் கேட்கவில்லை. கயிறு கட்டியதும் முதல் ஆளாகக் குதித்து ருதேதாவிடம் ஓடியவன் நான்தான்.