இறங்காத முள்

நரிக்குடியில் மிளகாய் வத்தல் கடையும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவும் வைத்துக்கொள்வதென்றால் கொஞ்சம் கூடுதல் ஆசைதான். உதயகுமாருக்கு இரண்டுமே அப்பா வழியில் வந்தவை. கடையை அவர் விட முடியாது, இரைப்பு அவரை விடாது.

அவர் மனைவி சண்முகவடிவு எதற்கும் அசருகிற ஆள் இல்லை. கடையில் நிறுவை அவள் பொறுப்பு. ஐப்பசி மாதம் அருப்புக்கோட்டையில் டாக்டர் சுவாதி, ஊதிப் பார்க்கிற சிறிய குழாய் ஒன்றைக் கொடுத்தபோதும் அதை முதலில் கைநீட்டி வாங்கியவள் அவள்தான். முழு மூச்சையும் இழுத்து ஒரே வேகத்தில் ஊதினால், அதிலிருக்கும் சிவப்பு முள் எண்களின் மேல் ஏறி நிற்கும். அன்று அது நானூற்றில் நின்றது.

"இதுதான் உங்க அளவு. நெஞ்சு கெட ஆரம்பிச்சா, இரைப்பு வெளிய தெரியிறதுக்கு முன்னாடியே இது குறைஞ்சு காட்டிரும். தினமும் காலையில முள்ளைக் கீழ இறக்கிவிட்டு ஊதுங்க" என்றார் டாக்டர்.

முள் என்றதுமே வடிவுக்கு அந்தக் குழாயைப் பிடித்துப்போயிற்று. தராசு பிடிக்கிறவளுக்கு முள்ளை விட நம்பிக்கையான சாட்சி எது?

மறுநாள் காலையில் உதயகுமார் முள்ளை இறக்கப் போனார். அவளுக்குப் பகீரென்றது. அவர்கள் குடும்பத்தில் அளக்கிற படியைக் காலியாக வைக்கிற வழக்கம் கிடையாது. அளந்து முடித்ததும் ஒரு கைப்பிடி தானியத்தைப் படிக்குள் போட்டுத்தான் வைப்பார்கள். வெறும்படி வீட்டையே வெறுமையாக்கிவிடும் என்பது பயம்.

"விடிஞ்சதும் விடியாததுமா மூச்சைக் கொண்டுபோய் பூஜ்யத்துலயா நிறுத்துவீக? நெறஞ்சு நிக்கிறது அப்படியே நிக்கட்டும். ஊதுங்க."

"டாக்டரம்மா எறக்கச் சொன்னாகளே?"

"அவுக என்ன யாவாரக் குடும்பமா? அவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

சண்டைக்குப் பயந்த மனிதர் ஊதினார். முள் நானூற்றில் நின்றது. அடுத்த நாளும் நானூறு. அதற்கடுத்த நாளும் அதேதான். எம் புருஷன் நெஞ்சு இரும்பாக்கும் என்று அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள் வடிவு.

தை பிறந்ததும் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. நன்றாக இருக்கிறவருக்கு எதற்குக் காலையும் மாலையும் மருந்தை உறிஞ்சுவது? பழகிப்போனால் விட முடியாதாமே. அவர் தினமும் எடுக்கிற இன்ஹேலரை வாங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அவசரத்துக்கு எடுக்கிற இன்ஹேலர் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து அடிக்கடி எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

மாசியில் புது வத்தல் வரத்து தொடங்கியது. "வடிவு, நெஞ்சு மேல சாக்கு மூட்டைய வச்ச மாதிரி இருக்குத்தா" என்றார் ஒரு நாள்.

அவள் குழாயை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். "நானூறு நிக்குது, நல்லா பாத்துக்கோங்க. மூட்டை வந்து எறங்குற நேரம் பாத்து உங்களுக்கு வலி வருதாக்கும்?"

அவர் முள்ளைப் பார்த்தார், எழுந்து கடைக்குப் போனார். அதன் பிறகு நெஞ்சைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பரளச்சியிலிருந்து வந்த லோடை இறக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், விலை சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நின்றார். வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வாடகைக் கார் திருச்சுழியைத் தாண்டி அருப்புக்கோட்டைக்குப் பறந்தது. வழி நெடுக அவர் தோளை முன்னுக்குத் தூக்கித் தூக்கி மூச்சுக்கு மன்றாடினார். அந்த அவசரத்திலும் வடிவு அந்தக் குழாயை மட்டும் மறக்காமல் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். உடனே ஊசி போட்டு, முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுக்க வைத்தார். உதயகுமாரின் மூச்சு கொஞ்சம் சீரான பிறகுதான் வடிவின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல தினமும் ஊதுனாரா? எவ்வளவு காட்டுச்சு?"

"நானூறும்மா. இன்னைக்குக் காலையில கூட நானூறு."

"ஒரு நாள் கூட கூடல, குறையலையா?"

"அசையவே இல்லம்மா" என்றாள், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

டாக்டரின் முகம் மாறியது. குழாயை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலை முள்ளின் மேல் வைத்தார்.

"ஐயோ, எறக்காதீகம்மா!" வடிவு கத்தியேவிட்டாள்.

முள் இறங்கிவிட்டது. உதயகுமார் முகமூடியைக் கழற்றிவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஊதினார். முள் கொஞ்ச தூரம் ஏறி நூற்றைம்பதில் நின்றது. இன்னொரு தடவை ஊதச் சொன்னார் டாக்டர். இந்தத் தடவை அந்த அளவுகூட ஏறவில்லை.

வடிவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மிஷினு கெட்டுப்போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. இந்த முள்ளு தராசு முள்ளு மாதிரி தானா இறங்காதும்மா. நாமதான் இறக்கணும். அவரு ஐப்பசியில இங்க ஊதுன நானூறைத்தான் நீங்க இத்தனை நாளும் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

வடிவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐப்பசி மூச்சைக் காட்டி மாசியில் அவரை மூட்டை தூக்க அனுப்பியிருக்கிறாள். பீரோவுக்குள் இருக்கிற இன்ஹேலர் நினைவுக்கு வந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதையும் டாக்டரிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

திட்டுவார் என்று புருஷனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள்.

"எனக்கே சந்தேகமாப் போச்சு வடிவு" என்றார் அவர், விட்டு விட்டு. "நெஞ்சு அடைக்கிது. முள்ளு நல்லாருக்கேங்குது. நாந்தான்... வேலைக்குப் பயந்து நடிக்கிறேனோன்னு..."

மிச்சத்துக்கு மூச்சு பத்தவில்லை. வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை நர்ஸ் குழாயைக் கொண்டுவந்து நீட்டினாள். வடிவுதான் வாங்கினாள். முள்ளை அடி வரைக்கும் தானே இறக்கிவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் ஊதினார்.

"இருநூத்திப் பத்து" என்று வார்டே கேட்கப் படித்தாள். பிறகு முள்ளை மறுபடியும் கீழே இறக்கி வைத்தாள்.